செம்பருத்தியோடு நிறுத்திக்கொண்ட பாடம்

பூவின் இனப்பெருக்கத்தை என்னைப் போல நடத்த அந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்து வேலியோரம் பூக்கும் செம்பருத்திகளைப் பறித்துவந்து, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்து, பிளேடால் நெடுக்காக அறுத்துக் காட்டுவேன். சூலகம், சூல்தண்டு, மகரந்தம் என்று ஒன்றையும் விடமாட்டேன். இதற்கு மூன்று வகுப்புகள் போகும். நாலாவது வகுப்பில் பக்கத்தைத் திருப்பினால் மனிதன் வந்துவிடுவான். உடனே புத்தகத்தை மூடிவிடுவேன். "இதை வீட்டுல படிச்சிக்கோங்க, பரீட்சைக்கு அவ்வளவா வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒன்பது வருஷம் இப்படியே ஓட்டினேன்.

ஒரு வருஷம் பொதுத் தேர்வில் மனித இனப்பெருக்க உறுப்புகளின் படத்தையே கேட்டுவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. நாலைந்து பேர் மட்டும் மனம் தளராமல் செம்பருத்தியை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டு வந்தார்கள். வெளியே வந்து என்னிடம் அதைப் பெருமையாகவும் சொன்னார்கள். படம் நன்றாக வந்ததா என்று கேட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனேன்.

பள்ளிக்கூடம் ஆந்திராவில், நகரியைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தது. நான் இருந்தது புத்தூரில், மாமியார் வீட்டில். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் போய்விடுவார். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போனார்கள். பத்தாவது முடித்த பெண்களையும் முடிக்காத பெண்களையும் திருவள்ளூர் பக்கத்துக் கம்பெனிகளின் வேன்கள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. வீட்டு மாடியில் கேபிள் டிவி கம்பியும், சட்டைப் பையில் செல்போனும் வந்திருந்தன.

அப்போதுதான் திருப்பதியில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் தலைமை ஆசிரியர் அதை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார். லேடி டீச்சர், அதுவும் பயாலஜி, உங்களைவிடப் பொருத்தமானவர் யார் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மைதானத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பயிற்சியை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். இரண்டாம் நாள் காலையில் எங்களிடம் கருத்துக் கேட்பதாகச் சொல்லி ஒரு கேள்வியை வைத்தார். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கருத்தடை பற்றிச் சொல்லித்தரலாமா, தேவைப்படுகிறவர்களுக்குப் பள்ளியிலேயே ஒரு நர்ஸ் மூலம் அதற்கானவற்றைக் கொடுக்கலாமா என்பது கேள்வி. அரங்கத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேடைப் பேச்சு எனக்குக் கொஞ்சம் வரும் என்ற நினைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல தெலுங்கில் பத்து நிமிஷம் பேசினேன். ஏழுமலை அடிவாரத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா என்றேன். நம் பிள்ளைகள் பச்சைப் பிள்ளைகள் என்றேன். குடையைக் கையில் கொடுத்து மழையை வரவழைக்கிற வேலை இது என்று முடித்தேன். கைதட்டல் நிற்க நேரமானது. மருத்துவர் மட்டும் தலைகுனிந்து நோட்டில் ஏதோ எழுதினார். என் கருத்தைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் என்னை முன்னால் நிற்க விட்டார்கள்.

சாயந்திரம் பயிற்சி முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடைக்குப் போனேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிற கடைதான். என் மகளுக்கு அப்போது நாலு வயசு. பேரன் வேண்டும் என்று மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடிக்க வேண்டும் என்று ஆசை. அதனால் இரண்டு வருஷமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கணவருக்குத் தெரியும். அவருக்குச் சம்மதம்தான், ஆனால் அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள் என்று ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டார். புத்தூர் மருந்துக் கடைக்காரர் மாமியாருக்குத் தம்பி முறை. பள்ளிக்கூட ஊரில் சப் சென்டர் என்கிற அரசு துணை சுகாதார நிலையத்தில் சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் அங்கே வரிசையில் நிற்பது எல்லாம் என் மாணவர்களின் அம்மாக்கள். ஆகவே திருப்பதி. கேட்டால் தரிசனம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடைக்காரர் மூன்று அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தபோது பக்கத்தில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அந்த மருத்துவர். அவர் அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலையில் பத்து நிமிஷம் ஓடிய என் தெலுங்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லாமல் தீர்ந்துபோயிருந்தது. அவர் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டு இருமல் மருந்தோடு போய்விட்டார். அது உண்மைதான். இரண்டு வருஷமாக வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டிக்கொண்டிருந்தேன். யாரையாவது கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள்.

இது நடந்து மூன்று மாதம் கழித்து, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பத்தாவதில் ஒரு பெண் வரவில்லை. என் வகுப்பில் முதல் பெஞ்சு. செம்பருத்தியை அவள் அறுத்தால் ஒரு இழைகூடக் கிழியாது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். சமீபத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். வாசலில் பந்தல் போட்ட குழிகள் இன்னும் மூடப்படாமல் இருந்தன. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"வேன் ஏறிப் போற பொண்ணுங்களப் பத்தி ஏதேதோ பேசிக்கினு கீறாங்க மேடம். எனுக்கு பயமா பூட்ச்சி. நல்ல எடம் வந்திச்சி, பையன் மெட்ராஸ்ல கம்பெனில கீறான். முடிச்சிட்டோம்."

அவளுக்குப் பதினாறு வயசு. பதினெட்டு ஆகாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்ற சட்டம் எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தைத் தெரிந்துவைத்திருந்த மாதிரியே அதையும் தெரிந்துவைத்திருந்தேன்: புத்தகத்தில் இருக்கிறது, நடத்துவதில்லை. கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், பரீட்சை எழுதிவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போகட்டும் என்று அரைமணி நேரம் கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் வேறு கிடைத்தது.

அவள் பள்ளிக்கு வந்தாள். தாலியைச் சீருடைக்குள் போட்டுக்கொண்டு, கழுத்துப் பித்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். டஸ்டரை எடுத்து மறுபடி வைத்தாள்.

"மேடம், பத்தாவதுக்கு மேல நான் இன்டர் ரெண்டு வருசம் படிக்கணும். அத்த முடிக்கிற வரைக்கும் கொழந்த வராம இருக்க இன்னா பண்ணணும் மேடம்?"

"அது... புத்தகத்துல இருக்குது. படி."

"படிச்சேன் மேடம். படம்தான் கீது. இது அதுல இல்ல."

அவள் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. சந்தேகம் கேட்கிற தொனிதான். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதத்தான் வேண்டும். நல்லாச் சாப்பிடு, கீரை சேர்த்துக்கொள், மனசைப் படிப்பில் வை என்று சொன்னேன். அவள் சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கைப்பையின் உள்ளறையில், அவள் கேட்ட கேள்விக்குப் பதில், அட்டையோடு இருந்தது. எந்தக் கீரையிலும் அது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் என்னால் அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த முடியவில்லை. பின்சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்தே நடத்தினேன். மூன்றாம் நாள் இடைவேளையில் சப் சென்டர் நர்சம்மாவைத் தேடிப் போனேன். ஐம்பது வயசிருக்கும், மொபெட்டில் ஆறு ஊர் சுற்றுகிறவர். யாரோ ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரோ ஒரு பெண்ணிடம் மருந்தும் பேச முடியாது, புத்தியும் சொல்ல முடியாது, வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வியாழக்கிழமை தடுப்பூசி போடுகிற நாள் என்பது எனக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. ஊரில் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் படியேறியதும் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின மாதிரி எனக்குத் தோன்றியது.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்?" என்று ஒரு அம்மா கேட்டார். கேட்டுவிட்டு எனக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். இன்னும் நாலு பேர் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குத்தான். மாத்திரை வாங்க வந்தேன். இவள துணைக்குக் கூட்டிக்கினு வந்தேன்."

"இன்னா மாத்திரை மேடம்?"

"கொழந்த வேணாம்னு சாப்பிடற மாத்திரை."

தலைவலி என்று சொல்லியிருக்கலாம். நூறு வியாதிகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய உயிரியல் டீச்சருக்கு அந்த நேரத்தில் ஒரு தலைவலி ஞாபகத்துக்கு வரவில்லை. பின்னாளில் இதைக் கேட்ட சிலர் ஒரு மாணவியைக் காப்பாற்ற என் மானத்தைக் கொடுத்தேன் என்று பாராட்டியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால், பயத்தில் வாய்க்கு முதலில் வந்தது நிஜமாகப் போய்விட்டது. வாழ்க்கையில் நான் பொய் சொல்ல நினைத்து உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

உள்ளே போனால் நர்சம்மாவுக்கு எதிரே, பெஞ்சில், அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"நாந்தான் மேடம் உங்களாண்ட கேக்கச் சொன்னேன்" என்றார். "எனுக்குப் பதினேழுல இவ பொறந்தா. அன்னிக்கி எனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்கன்னு அனுப்பினேன். கீரை துன்னச் சொன்னாங்கன்னு வந்து நிக்கிறா."

நர்சம்மா சிரிக்காமல் இருக்க ஒரு பதிவேட்டைத் திறந்தார். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நிற்பதற்கு இனி ஒரு மரியாதையும் மிச்சமில்லை.

நர்சம்மா பேசிய விதத்தை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குச் சரிப்படும், எதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக விளக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷம் நான் பயந்து ஓடிய பாடம் ஒரு டீ ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. கடைசியில் அவர் அம்மாவைப் பார்த்து, மாத்திரை இரண்டாவது விஷயம், பதினெட்டு ஆகிற வரைக்கும் இவளை உன்கூடவே வைத்துக்கொள், அதுதான் முதல் விஷயம் என்றார். அம்மா, அதற்குத்தான் வந்தேன், ஆனால் நான் சொன்னால் என் வீட்டுக்காரர் கேட்கமாட்டார், நீங்கள் இரண்டு பேரும் வந்து சொல்லுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். நர்சம்மா சட்டத்தைப் பற்றியும், சின்ன வயசில் பிள்ளை பெறுவதில் உள்ள ஆபத்தைப் பற்றியும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். பதினாறு வயசில் உடம்பு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கும், ஏன் அது போதாது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாக்கியம் தரையைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் குரல் வந்துவிட்டது. அந்தப் பாடத்தை நான் வாழ்க்கையில் முதல்முதலாக நடத்தியது ஒரு கரும்பு வெட்டுகிறவருக்கு. என் மாணவர்களில் அவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. முடித்ததும் அவர் ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

இன்டர் முடிகிற வரை பெண் தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நானும் நர்சம்மாவும் பேச்சுகளைத் தயார் செய்துவைத்திருந்தோம். தேவைப்படவில்லை. மாப்பிள்ளை ஐந்து பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தான். பெண்ணை எங்கே கூட்டிக்கொண்டுபோய் வைப்பது என்று அவனே கவலையில் இருந்தானாம். போனில் விஷயத்தைக் கேட்டதும் நிம்மதியாகச் சரி என்றுவிட்டான்.

சண்டை புத்தூரில் வந்தது. மேடம் கொழந்த வேணாம்னு மாத்திரை சாப்பிடறாங்களாம் என்ற செய்தி தடுப்பூசி போட்ட குழந்தைகளின் காய்ச்சல் இறங்குவதற்குள் மாமியாரிடம் வந்துசேர்ந்தது. மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டார். நாலாம் நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"மாசம் மாசம் மலையேறிப் போய் பேரன் வேணும்னு கேட்டேன். அந்த சாமிய எத்தினி தபா தொந்தரவு பண்ணிக்கீறேன் பாரு. மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா அவர வுட்டிருப்பேன் இல்ல?"

அவருக்கு என் மேல் இருந்த கோபத்தைவிட, இரண்டு வருஷம் பெருமாளின் நேரத்தை வீணாக்கிவிட்டோமே என்ற சங்கடம்தான் பெரிதாக இருந்தது. எம்.எஸ்சி. முடிகிற வரை அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு இரண்டாவது பிறந்தது. அதுவும் பெண்தான். தொந்தரவு பண்ணாததால் வந்த வினை என்று சொல்லிக்கொண்டே முதல் குளியல் ஊற்றினார்.

அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை நடத்தினேன். தலைமை ஆசிரியர் அன்றைக்கு மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றினார். பெற்றோர்கள் வந்து கேட்பார்கள் என்று மூன்று நாள் காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை. மறுபடி திருப்பதியில் பயிற்சி நடந்தபோது அதே மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை சரியாகப் பேசிவிட வேண்டும் என்று எழுந்தேன். பள்ளியில் வைத்துக் கொடுக்கலாமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை, ஆனால் யாருக்கு முதலில் தேவையோ அந்தப் பெண்கள் நாம் முடிவெடுப்பதற்குள் பள்ளியைவிட்டே போய்விடுகிறார்கள், குறைந்தபட்சம் கேட்டால் சொல்லவாவது ஒரு ஆள் வேண்டும் என்றேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் மட்டும் போன தடவை இதைவிட நன்றாகப் பேசினீர்களே என்று வருத்தப்பட்டார்.

அந்தப் பெண் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். நகரியில் இன்டர் படித்தாள். நர்ஸ் ஆவாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லையாம். நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பொருட்களின் தரம் பார்க்கிற வேலைக்குப் போனாள். புருஷனும் அங்கேயே வேலை தேடி வந்துவிட்டான். இருபத்திரண்டில் ஒரு பிள்ளை. அத்தோடு போதும் என்று முடிவு செய்துவிட்டதாக, நான் கேட்காமலே போனில் சொன்னாள்.

என் மூத்தவள் ஒன்பதாவது வந்தாள். திருப்பதியில் விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தோம். இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு நடத்தியவள், அவளிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒரு வருஷமாகத் திட்டம் போட்டேன். ஒரு விடுமுறையில், துணி மடிக்கும்போது, ஆரம்பித்தேன். உடம்பு என்பது, என்றேன். அப்புறம் இந்தப் போர்வை யாருடையது என்று கேட்டேன். அவள் போர்வையை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"பரவால்லம்மா. எங்க மேடம் எல்லாம் சொல்லிட்டாங்க. உனக்கு எதாவது டவுட்னா கேளு."

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அந்த மேடத்தைப் பார்த்தேன். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கையில் மார்க் பட்டியலோடு என் முன்னால் உட்கார்ந்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டாள். நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். கணக்கில் ஏன் மார்க் குறைந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.